பென்ஷனில் வரியில்லாத 25 சதவீதம்: எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் வாரிசுக்கு என்ன வரி? பிரிட்டனில் வாழ்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் வேலை செய்து பென்ஷன் சேர்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். 55 வயது ஆனதும் (2028 ஏப்ரல் 6 முதல் 57) பென்ஷன் பணத்தில் கால் பங்கை வரியில்லாமல் எடுக்கலாம். நாம் இறந்தால் மிச்சம் இருப்பது குடும்பத்துக்குப் போகும். இவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைத்தான் பலர் யோசித்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கால் பங்கு சலுகை உங்களுக்கு மட்டும் உரியது. அதை எடுக்காமல் வைத்திருந்து 75 வயதுக்குப் பிறகு நீங்கள் இறந்தால், சலுகை பிள்ளைக்குக் கைமாறாது. பிள்ளை எடுக்கும் முழுப் பணமும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். 2027 ஏப்ரல் 6 முதல் இன்ஹெரிடன்ஸ் டாக்ஸ், அதாவது வாரிசு வரியும் பென்ஷன் மீது வருகிறது. ஆனால் 75 வயதுக்கு முன்பு இறந்தால் கதை கிட்டத்தட்டத் தலைகீழ். இந்த வித்தியாசம் புரியாமல் அவசரப்பட்டு எடுப்பவர்களும் உண்டு, எடுக்கவே கூடாது என்று பூட்டி வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் பணம் போகும்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை பென்ஷன்?

இந்த வழிகாட்டி பெரும்பாலும் பணமாகச் சேர்ந்திருக்கும் பென்ஷனைப் பற்றியது. வேலையிடத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்தது, நீங்களே தொடங்கிய தனியார் பென்ஷன், சிப் (முதலீட்டை நீங்களே தேர்ந்தெடுக்கும் பென்ஷன்) எல்லாம் இதில் அடங்கும். கணக்கில் இத்தனை பவுண்ட் இருக்கிறது என்று வருடாந்தக் கடிதம் சொன்னால் அது இந்த வகை.

என்.எச்.எஸ்., ஆசிரியர், உள்ளூராட்சி பென்ஷன்கள் வேறு வகை. அவற்றில் ஆயுள் முழுவதும் மாதத் தொகை வரும், இறந்த பிறகு கணவருக்கோ மனைவிக்கோ ஒரு பங்கு தொடரும். அப்படித் தொடரும் துணைவர் பென்ஷன் 2027 வாரிசு வரி மாற்றத்துக்குள் வராது. வேலையில் இருக்கும்போதே இறந்தால் கொடுக்கப்படும் தொகைக்கும் விலக்கு உண்டு. முதுமையில் அரசு தரும் ஸ்டேட் பென்ஷனைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவே முடியாது.

நிறையப் பேரிடம் இரண்டு வகையும் இருக்கும். எல்லாக் கடிதங்களையும் தேடி எடுத்து, எதில் எவ்வளவு, அதில் ஏற்கெனவே வரியில்லாத பணம் எடுத்தாகிவிட்டதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படிகளுக்கும் இந்தத் தாள் வேண்டும்.

படி 2: இரண்டு உச்சவரம்புகள்

2024 ஏப்ரல் 6 அன்று பழைய ஆயுட்கால வரம்பு (வரிச் சலுகையோடு பென்ஷனில் வைத்திருக்கக்கூடிய மொத்தத் தொகைக்கான வரம்பு) ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் இரண்டு எண்கள் வந்தன.

முதலாவது 268,275 பவுண்ட். வாழ்நாள் முழுவதும், எல்லாப் பென்ஷன்களிலிருந்தும் சேர்த்து, நீங்கள் வரியில்லாமல் எடுக்கக்கூடிய மொத்தத் தொகை இது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கால் பங்கு விதியும் பொருந்த வேண்டும்.

இரண்டாவது 1,073,100 பவுண்ட். வாழும்போது எடுத்த வரியில்லாத பணமும், 75 வயதுக்கு முன்பு இறந்தால் வாரிசுகளுக்கு மொத்தமாக வரியின்றிக் கொடுக்கப்படும் பணமும் இந்த ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வரியில்லாத பவுண்டும் இரண்டு வரம்புகளிலும் கழியும்.

பென்ஷன் மூன்று லட்சம், நான்கு லட்சம் பவுண்ட் உள்ளவர்கள் இரண்டாவது வரம்பை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 300,000 பவுண்ட் வைத்திருப்பவர் 75,000 எடுத்தால், 998,100 மிச்சம் இருக்கும். அது தீரப்போவதில்லை. பத்து லட்சத்தை நெருங்குபவர்களுக்குத்தான் அது கடிக்கும்.

படி 3: 2024 ஏப்ரலுக்கு முன்பே எடுத்தவரா?

அப்படியென்றால் வரம்பில் எவ்வளவு மிச்சம் என்பதை எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டனின் வரித்துறை) ஒரு சூத்திரத்தை வைத்துக் கணக்கிடும். பழைய ஆயுட்கால வரம்பில் நீங்கள் பயன்படுத்திய தொகையில் 25 சதவீதத்தை வரியில்லாமல் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வார்கள். உண்மையில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பார்ப்பதில்லை.

உதாரணமாக ஒருவர் பழைய வரம்பான 1,073,100ல் 60 சதவீதம் பயன்படுத்தியிருந்தால் 160,965 பவுண்ட் கழியும். முதல் வரம்பில் 107,310 மிஞ்சும், இரண்டாவதில் 912,135.

இந்தச் சூத்திரம் என்.எச்.எஸ். மருத்துவர்கள், தாதியர்களில் சிலருக்குப் பாதகமாக அமையும். நம்மவர்களில் அந்த வேலையில் இருந்தவர்கள் ஏராளம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்.எச்.எஸ். 1995 பிரிவில் ஓய்வுபெறும்போது வருட பென்ஷனைப் போல மூன்று மடங்கு ரொக்கமாக வரும். வருடத்துக்கு 20,000 பவுண்ட் பென்ஷனும் 60,000 ரொக்கமும் பெற்றவரை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி அந்தப் பென்ஷனின் மதிப்பு இருபது மடங்கு பென்ஷனும் ரொக்கமும் சேர்ந்து 460,000. அதில் கால் பங்கு 115,000 போய்விட்டதாகச் சூத்திரம் சொல்லும். கைக்கு வந்ததோ 60,000தான். 55,000 பவுண்ட் வரியில்லாத வரம்பு காரணமில்லாமல் குறைகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு சான்றிதழ் இருக்கிறது. நீங்கள் உண்மையில் எடுத்த தொகைக்கு ஆதாரம் காட்டி உங்கள் பென்ஷன் நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் 6க்குப் பிறகு எந்தப் பென்ஷனிலிருந்தும் வரியில்லாத பணம் எடுக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் ரத்துச் செய்ய முடியாது, கணக்கு உங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அதுதான். அதனால் முதலில் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். வேறு பெரிய பென்ஷன் எதுவும் இல்லாதவருக்கு இந்தச் சான்றிதழால் பயன் இருக்காது.

படி 4: 75 வயதுக்கு முன்பு இறந்தால்

பிள்ளைகள் பணத்தை இரண்டு வழிகளில் பெறலாம். மொத்தமாக ஒரே தொகையாக வாங்குவது ஒன்று. பென்ஷனாகவே தங்கள் பெயருக்கு மாற்றி, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது இன்னொன்று. இதை டிராடவுன் என்கிறார்கள். இரண்டுமே பொதுவாக வருமான வரி இல்லாதவை. ஆனால் 1,073,100 வரம்பு மொத்தத் தொகைக்கு மட்டும்தான். டிராடவுனை அது தொடாது.

இதன் விளைவைப் பாருங்கள். 68 வயதில் இறந்த ஒருவர் முன்பே 250,000 பவுண்ட் வரியில்லாமல் எடுத்திருந்தார், இன்னும் 1,200,000 பென்ஷனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வரம்பு 823,100. பிள்ளைகள் முழுவதையும் மொத்தமாகக் கேட்டால் 376,900 பவுண்டுக்கு அவர்களுடைய வருமான வரி விகிதத்தில் வரி விழும். அந்தத் தொகைக்குப் பெரும்பகுதி 45 சதவீதம்தான். அதே பணத்தை டிராடவுனாக மாற்றினால் வருமான வரி பூஜ்யம். ஒரே படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில் இவ்வளவு பணம் நிற்கிறது.

இரண்டு வருடக் கெடுவும் உண்டு. இறந்த செய்தி பென்ஷன் நிறுவனத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மொத்தத் தொகை கொடுக்கப்பட வேண்டும். இதுவரை தொடாத பென்ஷன் என்றால் டிராடவுனுக்கு மாற்றுவதும் அதற்குள் நடக்க வேண்டும். தவறினால் வரியில்லாத நிலை போய்விடும்.

ஆக, 75க்குக் கீழே இருக்கும் ஒருவர் வாரிசுகளின் வருமான வரியை மனதில் வைத்து 25 சதவீதத்தை எடுக்கத் தேவையே இல்லை. எடுக்காவிட்டாலும் முழுவதும் அவர்களுக்கு வருமான வரியின்றிப் போகும். தனக்குச் செலவுக்கு வேண்டுமென்றால் எடுக்கட்டும், அது வேறு.

படி 5: 75க்குப் பிறகு

இங்கேதான் சலுகை மறைகிறது. 75வது பிறந்தநாள் கடந்த பிறகு இறந்தால், வாரிசு மொத்தமாக எடுத்தாலும் டிராடவுனாக எடுத்தாலும் ஒவ்வொரு பவுண்டும் அவருடைய வருமானம். சம்பளத்தோடு சேர்த்து 20, 40 அல்லது 45 சதவீத வரி (ஸ்காட்லாந்தில் விகிதங்கள் வேறு). கணவர் இறந்து மனைவி வாங்கினாலும் இதேதான். டிரஸ்டுக்கு மொத்தமாகப் போனால் நேரடியாக 45 சதவீதம்.

பிள்ளைகள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதில், சம்பளத்தின் உச்சத்தில் இருக்கும்போதுதான் இந்தப் பணம் அவர்களிடம் வருகிறது. வருமானம் 100,000 பவுண்டைத் தாண்டினால் 12,570 பவுண்ட் வரியில்லாத வரம்பும் கரையத் தொடங்கும், 125,140க்கு மேல் 45 சதவீதம். பெற்றோர் வெறும் 20 சதவீத வரி கட்டியிருக்கக்கூடிய பணத்துக்குப் பிள்ளை அதைவிட இருமடங்கு கட்டுகிறார். அந்தப் பணத்தில் கால் பங்குக்குப் பெற்றோர் வரியே கட்டத் தேவையில்லை என்பதை நினைக்கும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: 75 ஆகிவிட்டால் இனி 25 சதவீதம் எடுக்க முடியாது என்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 80 வயதிலும் எடுக்கலாம். சில பழைய ஒப்பந்தங்கள் மட்டும் 75க்குள் முடிவெடுக்கச் சொல்லும், அதனால் உங்கள் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நுணுக்கம். பென்ஷனை டிராடவுனாக வாங்கிய மனைவி பின்னர் இறந்தால், அப்போது மனைவியின் வயதைத்தான் பார்ப்பார்கள். கணவர் 79ல் இறந்திருந்தாலும், மனைவி 75க்கு முன்பு இறந்தால் மிச்சப் பணம் பிள்ளைகளுக்கு வருமான வரி இல்லாமல் போகும்.

படி 6: 2027 ஏப்ரல் 6க்குப் பிறகு

இதுவரை பெரும்பாலான பென்ஷன்கள் வாரிசு வரிக் கணக்குக்கு வெளியே இருந்தன. அதனால்தான் நிதி ஆலோசகர்கள் பல வருடங்களாக, சேமிப்பை முதலில் செலவழியுங்கள், பென்ஷனைக் கடைசியில் தொடுங்கள் என்று சொல்லி வந்தார்கள். அப்போது அது சரியான அறிவுரை. 25 சதவீதத்தை எடுத்து வங்கியில் போட்டால், வரிக்கு வெளியே இருந்த பணத்தை நாமே உள்ளே கொண்டுவந்ததாக ஆகும்.

2027 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ இறப்பவர்களுக்கு, பயன்படுத்தாத பென்ஷன் பணம் வீடு, வங்கிப் பணத்தோடு சேர்த்து எண்ணப்படும். 325,000 பவுண்ட் வரை வரி இல்லை. வீட்டைப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ விட்டால் கூடுதலாக 175,000. துணைவர் பயன்படுத்தாத வரம்பும் மற்றவருக்கு மாறும், அப்படி ஒரு தம்பதிக்கு 10 லட்சம் பவுண்ட் வரை வரும். அதற்கு மேல் 40 சதவீதம். இந்த வரம்புகள் 2031 ஏப்ரல் வரை உறைந்திருக்கின்றன. மொத்தச் சொத்து 20 லட்சம் பவுண்டைத் தாண்டினால் வீட்டுக்கான 175,000 படிப்படியாகக் குறையும், இனி அந்த 20 லட்சத்திலும் பென்ஷன் சேரும்.

75க்குப் பிறகு இறந்தால் இரண்டு வரியும் ஒன்றன்மேல் ஒன்று வரும். வரம்பைத் தாண்டிய 100 பவுண்ட் பென்ஷனில் முதலில் 40 வாரிசு வரி. மிச்சம் 60க்குப் பிள்ளையின் வருமான வரி. 40 சதவீதக்காரருக்கு 36 பவுண்ட் கிடைக்கும், 45 சதவீதக்காரருக்கு 33.

முழுக் கணக்கு ஒன்று போடுவோம். 78 வயது அம்மா. அப்பா முன்பே இறந்து, அவருடைய வரம்பு முழுவதும் அம்மாவுக்கு மாறியிருக்கிறது. வீடு 600,000, வங்கியில் 150,000, தொடாத பென்ஷன் 400,000. மொத்தம் 1,150,000. எல்லாம் 40 சதவீத வரி கட்டும் ஒரே மகனுக்கு.

அம்மா எதுவும் எடுக்காமல் இறந்தால்: 10 லட்சத்துக்கு மேலே 150,000, வாரிசு வரி 60,000. பென்ஷனின் பங்குக்கு அதில் சுமார் 20,870. மிச்சப் பென்ஷன் 379,130 முழுவதும் மகனுக்கு வருமானம். அவர் 40 சதவீதப் படியைத் தாண்டாமல் பல வருடங்களில் எடுத்தாலும் வரி ஏறக்குறைய 151,650.

அம்மா முன்பே 100,000 பவுண்டை வரியில்லாமல் எடுத்து வங்கியில் வைத்திருந்தால்: வாரிசு வரி அதே 60,000. ஆனால் பென்ஷனில் இப்போது 300,000தான், அதன் பங்கு வரி சுமார் 15,650. மகனுக்கு வருமான வரி விழும் தொகை 284,350 அளவில் இறங்குகிறது. வருமான வரி ஏறக்குறைய 37,900 பவுண்ட் குறைகிறது.

அந்த 100,000ஐ மகனுக்கே கொடுத்துவிட்டு அம்மா ஏழு வருடம் வாழ்ந்தால்: வாரிசு வரியும் 60,000லிருந்து 20,000க்கு இறங்கும்.

என் அபிப்பிராயம் இது: 75ஐ நெருங்கும், பென்ஷனில் நல்ல தொகை தொடாமல் இருக்கும் ஒருவர் 25 சதவீதத்தைப் பற்றி முடிவெடுக்காமல் தள்ளிப்போடக் கூடாது. 75 தாண்டி உடல்நிலை சரியில்லாதவருக்கு இது இன்னும் அவசரம். 60 வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. பென்ஷன் வளர்ந்தால் கால் பங்கும் 268,275 வரை கூடவே வளரும்.

படி 7: எடுத்த பணத்தை எங்கே வைப்பது?

வங்கியில் கிடந்தால் வட்டிக்கு வரி, வாரிசு வரியிலும் எண்ணப்படும். ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட்டால் (வருடத்துக்கு 20,000 வரை) வளர்ச்சிக்கு வரி இல்லை, வாரிசு வரியில் மட்டும் எண்ணப்படும். பென்ஷனுக்குள் வளர்ந்துகொண்டிருந்த பணத்தை வெளியே எடுத்துச் சும்மா வைத்திருப்பது நட்டம்தான். எதற்கு எடுக்கிறோம் என்று தெரிந்த பிறகு எடுங்கள்.

அன்பளிப்பாகக் கொடுத்தால் ஏழு வருட விதி: கொடுத்த பிறகு ஏழு வருடம் வாழ்ந்தால் அந்தப் பணம் வாரிசு வரியில் எண்ணப்படாது. வருடத்துக்கு 3,000 பவுண்ட் உடனடி விலக்கு. பிள்ளையின் கல்யாணத்துக்கு 5,000, பேரப்பிள்ளைக்கு 2,500. வழக்கமான வருமானத்திலிருந்து, உங்கள் வாழ்க்கைத் தரம் குறையாமல், தொடர்ந்து கொடுக்கும் பணத்துக்கு ஏழு வருடம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஆனால் மொத்தமாக எடுத்த வரியில்லாத ரொக்கம் வருமானம் ஆகாது, மாதாமாதம் எடுக்கும் பென்ஷன்தான் வருமானம். எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முதுமைப் பராமரிப்புச் செலவை ஒதுக்காமல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இன்னும் வேலை செய்து பென்ஷன் கட்டுகிறவர்கள் வரியில்லாத பகுதியை மட்டும் எடுங்கள். வரி விழும் பகுதியிலும் கை வைத்தால், பிறகு வருடத்துக்கு 10,000 பவுண்ட் மட்டுமே வரிச் சலுகையோடு கட்ட முடியும். எடுத்த ரொக்கத்தைத் திட்டமிட்டுத் திரும்பப் பென்ஷனுக்குள்ளேயே போடுவதையும் எச்.எம்.ஆர்.சி. அனுமதிப்பதில்லை.

வதந்தியைக் கேட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். 2024, 2025 இரண்டு பட்ஜெட்டுக்கும் முன்பு, 25 சதவீதத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சை நம்பிப் பலர் எடுத்தார்கள். இரண்டிலும் அது குறைக்கப்படவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கட்டி வரம்பைத் திரும்பப் பெறவும் முடியாது.

படி 8: யாருக்குப் போகும் என்பதை எழுதிக் கொடுங்கள்

கணவன் மனைவிக்கு விட்டால் வாரிசு வரி இல்லை. இங்கே நம் குடும்பங்களில் இரண்டு சிக்கல்கள் வரக்கூடும். லண்டனில் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்பவர்கள் இங்கிலாந்துச் சட்டத்தில் கணவன் மனைவி இல்லை, அந்த விலக்கு கிடைக்காது. ஊரில் அங்குள்ள சட்டப்படி செல்லுபடியாக நடந்த கல்யாணம் என்றால் பொதுவாக இங்கே ஏற்கப்படும். இரண்டாவது, நீங்கள் இங்கே நீண்டகாலம் (கடந்த 20 வருடத்தில் 10 வருடம்) வாழ்ந்து, துணைவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தால், துணைவருக்கான விலக்கு 325,000 பவுண்டோடு நின்றுவிடும். இப்படி இருப்பவர்கள் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பணம் பெறும் பிள்ளை கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்தால் அந்த நாட்டின் வரி விதியையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பென்ஷன்களில் உயில் செல்லாது. பென்ஷன் நிறுவனத்துக்குக் கொடுக்கும் நாமினேஷன் படிவத்தைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள். மனைவி பெயரை மட்டும் எழுதியிருந்தால், பின்னர் பணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க மனைவியே விரும்பினாலும், வளர்ந்த பிள்ளை மொத்தமாக மட்டும்தான் வாங்க முடியும், டிராடவுன் கிடைக்காமல் போகலாம். படி 4ல் பார்த்த சேமிப்பு அங்கே கைநழுவும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், 5 சதவீதம் என்றாலும் போதும். அவர்களுடைய பெயர் படிவத்தில் இருந்தால் வழி திறந்திருக்கும்.

50 வயது தாண்டியவர்களுக்கு அரசின் பென்ஷன் வைஸ் சேவை இலவசமாக நேரம் ஒதுக்கிப் பேசும். பெரிய தொகை என்றால் பதிவுபெற்ற ஆலோசகருக்குப் பணம் கொடுத்துக் கேட்பது வீண் செலவு இல்லை.

படி 9: உயிலை நிறைவேற்றுபவருக்கு ஒரு கோப்பு

2027க்குப் பிறகு பென்ஷன் மீதான வாரிசு வரியைக் கணக்கிட்டு அறிவிக்கும் பொறுப்பு பென்ஷன் நிறுவனத்துக்கு இல்லை, உயிலை நிறைவேற்றுபவருக்குத்தான். இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வரி கட்ட வேண்டும், பிந்தினால் வட்டி. எங்கே எத்தனை பென்ஷன் இருக்கிறது என்றே தெரியாத மகனுக்கோ மகளுக்கோ ஆறு மாதம் போதாது.

பென்ஷனின் பங்கு வரி 4,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் என்றால், அதைப் பென்ஷனிலிருந்தே நேரடியாக எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்டச் சொல்லலாம். அப்படிக் கட்டிய தொகைக்கு, பணம் பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வரி கணக்கிட்டு முடியும் வரை பென்ஷன் பணத்தில் பாதியை 15 மாதம் வரை நிறுத்தி வைக்கச் சொல்லவும் உயிலை நிறைவேற்றுபவருக்கு வழி உண்டு.

கோப்பில் இவை இருக்கட்டும்: எல்லாப் பென்ஷன்களின் பெயரும் எண்ணும், வரியில்லாமல் எடுத்த ஒவ்வொரு தொகையும் தேதியும், 2024க்கு முன்பு எடுத்ததற்கான பழைய கடிதங்கள், சான்றிதழ் வாங்கியிருந்தால் அது, நாமினேஷன் படிவத்தின் பிரதி, அன்பளிப்புப் பட்டியல், கல்யாணப் பதிவுச் சான்று. கோப்பு எங்கே இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குச் சொல்லி வையுங்கள். பென்ஷன் நிறுவனத்துக்கு இறப்பைத் தெரிவிக்கும் நாளை முதல் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடக் கெடுவை அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.